போட்டில் ஒருத்தர் முழித்திருப்பார்

ராயபுரத்தில் ஜூடி டீச்சர் யாரென்று கேட்டால் இரண்டு விதமாகச் சொல்வார்கள். ஒன்பதாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் எடுக்கிறாளே, அவள் என்பது ஒன்று. கடலுக்குப் போய்த் திரும்பாத சாவியோவின் பெண்டாட்டி என்பது இன்னொன்று. முதலாவதைச் சொல்லி முடிப்பதற்குள்ளேயே கேட்டவர் 'ச்சு' கொட்டிவிடுவார் என்பதால் இரண்டாவதற்கு அநேகமாக வேலை இருக்காது.

புருஷன் போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. அவள் அழவில்லை. தெருவுக்கு அதுதான் பெரிய விஷயம். அழாத பெண்ணைக் கண்டால் நம் ஜனங்களுக்கு ஆகவே ஆகாது. அழுதால் 'பாவம்' என்று ஒரு வார்த்தையில் முடித்துவிட்டு வீட்டுக்குப் போய் உலை வைப்பார்கள். அழாவிட்டால் உட்கார்ந்து ஆராய்ச்சி பண்ணுவார்கள். "கல்லு மாதிரி கீறா பாரு" என்றாள் ஒருத்தி. "ரெண்டு பேருக்கும் ஆவாதோ இன்னாவோ" என்றாள் அடுத்தவள். ஆகாமல் என்ன, நன்றாகத்தான் ஆனது. சாவியோ கரையில் இருக்கிற நாளெல்லாம் அவளைப் பள்ளிக்கூடத்து வாசல்வரை வண்டியில் கொண்டுபோய் விடுவான். அதைப் பார்த்த வாய்கள்தான் இப்படிப் பேசின. ஜூடிக்கு அழக்கூடாதென்று வைராக்கியம் ஒன்றுமில்லை. அழுகை வரவில்லை, அவ்வளவுதான். பல் பிடுங்க ஊசி போட்டால் கன்னம் மரத்துக் கிடக்குமே, அப்படி ஆள் முழுக்க மரத்துப் போயிருந்தாள்.

நடந்தது இதுதான். சாவியோ ஒரு விசைப்படகில் என்ஜின் பார்ப்பவன். மீன்பிடித் தடைக்காலம் முடிந்து காசிமேட்டிலிருந்து முதல் தங்கலுக்குப் போனார்கள். தங்கல் என்றால் அன்றாடம் கரைக்கு வராமல் பத்துப் பன்னிரண்டு நாள் கடலிலேயே தங்கி மீன் பிடிப்பது. ஆறு பேர் போனார்கள். ஐந்து பேர் நாலாம் நாளே வலையைக்கூட இறக்காமல் திரும்பி வந்தார்கள். முதல் ராத்திரி சாவியோ பின்பக்கம் ஒண்ணுக்குப் போக எழுந்தான், கால் வழுக்கியது, பலகையில் மண்டை அடிபட்டது, கல் மாதிரி உள்ளே போய்விட்டான். நாங்கள் கண்ணால் பார்த்தோம், உடனே குதித்தோம், ஆள் அகப்படவில்லை. ஐந்து வாயும் ஒரே வார்த்தை சொன்னது. போலீசில் அதையே சொன்னார்கள், மீன்வளத் துறையில் அதையே சொன்னார்கள், பங்குச் சாமியாரிடமும் அதையே சொன்னார்கள்.

அந்தச் சொல்லின் பேரில்தான் எல்லாம் நடந்தது. இறப்புச் சான்றிதழ் வந்தது. சவப்பெட்டி இல்லாமலே மாதா கோயிலில் பூசை வைத்தார்கள். பூசை முடிந்து வாசல் படியில் அந்தப் போட்டை ஓட்டிய டிரைவர் கோதண்டம் அவள் முன்னால் கைகட்டி நின்று, "ஒரு நிமிசங்கூட கஸ்டப்படலம்மா. அவனுக்கே தெரிஞ்சிருக்காது" என்றார். ஜூடி அந்த ஒரு வார்த்தையை மட்டும் எடுத்து முடிந்துகொண்டாள். மற்றவர்கள் சொன்ன ஆறுதல் எல்லாம் இந்தக் காதில் நுழைந்து அந்தக் காதில் போனது. இது மட்டும் நின்றது. ராத்திரி படுக்கும்போது அவன் எப்படிப் போனான் என்று மனசு கிளம்பும். ஒரு நிமிஷங்கூட இல்லை என்று சொல்லிக்கொள்வாள். மனசு வந்த வழியே திரும்பிவிடும். அப்படித்தான் ஒன்றரை வருஷத்தை ஓட்டினாள்.

இந்த வருஷம் பள்ளிக்கூடம் திறந்ததும் ஆசிரியர்களுக்கு ஒரு பயிற்சி வந்தது. மாணவர்கள் ஆன்லைனில் கூட்டாகக் கற்று விமர்சனச் சிந்தனையை வளர்த்துக்கொள்வது எப்படி என்று தலைப்பு. தலைப்பைப் படிப்பதற்குள்ளேயே கொட்டாவி வந்துவிடும். ஆன்லைன் பயிற்சி எப்படி நடக்கும் என்பது ஊரறிந்த ரகசியம். கேமராவை மூடிவிட்டு ஒருவர் கீரை ஆய்வார். ஒருவர் விடைத்தாள் திருத்துவார். ஒருவர் மைக்கை அணைக்க மறந்து தன் வீட்டுக் குக்கர் விசிலை எல்லாருக்கும் கேட்கக் கொடுப்பார். எல்லாரும் சேர்ந்து எழுதுகிற ஆன்லைன் பலகை ஒன்றைத் திறந்துவிட்டு, கருத்தை எழுதுங்கள் என்றால், முதல் ஆள் எழுதியதற்குக் கீழே அத்தனை பேரும் 'அருமை' போட்டுக் கைகூப்புகிற பொம்மையை ஒட்டிவிட்டு ஓடிவிடுவார்கள். சிந்தனையாம், விமர்சனமாம்!

ஆனால் பயிற்சி கொடுக்க வந்த ஷிஜி என்கிற நாகர்கோவில் பெண் லேசுப்பட்டவள் இல்லை. "அருமைன்னு போட்டவங்க எல்லாம் எதுக்கு அருமைன்னு ஒரு வரி எழுதுங்க பாப்போம்" என்று பிடித்துக்கொண்டாள். கீரை ஆய்ந்த கைகள் நின்றுபோயின. பலகையில் மூன்று கட்டம் போட்டாள். பார்த்தது, கேட்டது, நினைத்துக்கொண்டது. நாம் சொல்கிற எதுவாக இருந்தாலும் இந்த மூன்றில் ஒன்றில்தான் அடங்கும், எதில் என்று முதலில் வையுங்கள் என்றாள். அப்புறம் ஒவ்வொரு வரிக்கும் கீழே ஒரே கேள்வி. "இது உனக்கு எப்படித் தெரியும்? இவ்வளவுதான் பாடம். பிள்ளைகளே ஒருத்தரை ஒருத்தர் கேட்டுக்கிடட்டும். நீங்க விடை சொல்லாதீங்க, அது போதும்."

மற்ற டீச்சர்கள் சான்றிதழை வாங்கிப் பைலில் செருகிக்கொண்டு பழைய பாதைக்கே போனார்கள். ஜூடி மட்டும் வகுப்பில் செய்து பார்த்தாள். ஆர்வத்தில் என்று நினைத்துவிட வேண்டாம். செய் என்றார்கள், செய்தாள். யாராவது கிணற்றில் குதி என்று சொல்லியிருந்தால் எந்தக் கிணறு என்று கேட்டிருப்பாள், அந்த நிலைமை.

தெருவில் எல்லாரும் சொல்கிற ஒரு விஷயத்தை எடுங்கள், வீட்டில் விசாரியுங்கள், பலகையில் எழுதுங்கள் என்றாள். பிள்ளைகள் வீட்டிலிருந்து அப்பா அம்மா போனில் எழுதினார்கள். பெயர் போடாமல் உள்ளே போனால் அந்தப் பலகை தானாக ஒரு பிராணியின் பெயரைச் சூட்டும். ஒருத்தன் ஒட்டகம், ஒருத்தி வாத்து, ஒருவன் யானை. பெயர் மறைந்ததும் வகுப்பில் வாயே திறக்காததெல்லாம் சண்டைக்கு வந்தது.

"கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டு எப்பப் பார்த்தாலும் மூடியேதான் இருக்கும்" என்று எழுதியது ஒட்டகம். "இது உனக்கு எப்படித் தெரியும்?" என்றது யானை. "நானே எவ்வளவு வாட்டி நின்னிருக்கேன்" என்று 'பார்த்தது' கட்டத்தில் போட்டது ஒட்டகம். ஒரு நாள் கழித்து வாத்து வந்தது. "தொறந்திருந்தா நீ நிக்காம போயிடுவே. போனது ஞாபகம் இருக்காது. நின்னது மட்டும்தான் ஞாபகம் இருக்கும்." பிள்ளைகள் அதன் கீழே ஒரு வாரம் அடித்துக்கொண்டார்கள். வண்ணாரப்பேட்டையில் துணி மலிவு என்று யாரோ எழுதப்போக, எதைவிட மலிவு, யார் சொன்னது, கடைக்காரரா, வாங்கினவரா என்று பிய்த்து எறிந்துவிட்டார்கள்.

ஜூடி ஒன்றும் சொல்லமாட்டாள். சரி என்றும் தப்பு என்றும் சொல்லமாட்டாள். புதிதாக வருகிற வரிக்குக் கீழே ஷிஜி சொல்லிக்கொடுத்த அந்த ஒரே கேள்வியை ஒட்டுவாள். பார்வையிட வந்த அதிகாரி, டீச்சர் குறுக்கே விழாமல் பிள்ளைகளையே யோசிக்க விடுகிறார், இப்படி ஒரு பொறுமையை நான் பார்த்ததில்லை என்று எல்லார் முன்னாலும் பாராட்டினார். பொறுமையாவது ஒன்றாவது. குறுக்கே விழ அவளுக்குத் தெம்பில்லை. ஒரு மனுஷி உள்ளுக்குள் செத்துக் கிடந்தால் இந்த உலகம் அதற்குப் பாராட்டுப் பத்திரம் கொடுக்கும், கேட்டால் கதை.

ஒரு சாயங்காலம் அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. கூடத்தில் நாத்தனார் ரோசி சீரியல் பார்த்துக்கொண்டிருந்தாள். ரோசி சாவியோவுக்கு அக்கா. கல்யாணம் கட்டிக்கொள்ளாதவள். தாய் செத்த பிறகு பால்மணம் மாறாத தம்பியைத் தூக்கி வளர்த்தவள். ஜூடி அழாததற்கும் சேர்த்து அவள்தான் அழுதுகொண்டிருந்தாள். ஜூடி அடுப்பு மேடையில் போனைச் சாய்த்து வைத்துப் பலகையைப் பார்த்தாள்.

யானை புதிதாக ஒன்று எழுதியிருந்தது. "போட்ல ராத்திரி எப்பவும் ஒருத்தர் முழிச்சிருப்பாங்க."

பாதி வகுப்பு கடற்கரைப் பிள்ளைகள், சும்மா இருப்பார்களா? கேட்டது கட்டம் நிரம்பி வழிந்தது. எங்க மாமா சொல்வாரு, எங்க சித்தப்பா சொல்வாரு, மாத்தி மாத்தி முழிப்பாங்க. பார்த்தது கட்டத்தில் ஈ, காக்கை இல்லை. "இத்தனை பேர் சொல்றாங்கன்னா உண்மைதானே?" என்றது ஒட்டகம். "கேட் மேட்டர் மறந்துட்டியா?" என்றது வாத்து.

அதற்குக் கீழே முள்ளம்பன்றி எழுதியிருந்தது. "எப்பவும்னு சொல்ல முடியாது. தடைக்காலம் முடிஞ்சு போற மொத ராத்திரி எல்லாருக்கும் அசதி. ஐஸு, டீசல், வலைன்னு நாலஞ்சு நாள் தூங்காம ஏத்தியிருப்பாங்க. போன வருஷம் ஒரு போட்ல ஆறு பேருமே தூங்கிட்டாங்க. காலைல டீ ஊத்துறப்பதான் ஒருத்தர் இல்லன்னு தெரிஞ்சுது."

ஜூடி படித்தாள். கை பழக்கத்தில் தானாகவே எழுதியது. "இது உனக்கு எப்படித் தெரியும்?"

அந்தப் பக்கம் முள்ளம்பன்றி பலகையிலேயே இருந்திருக்கவேண்டும். பதில் உடனே வந்தது. "எங்கப்பா சொன்னாரு மிஸ். அவர்தான் டிரைவர். அவரும் தூங்கிட்டாரு." பதிலை ஒழுங்காகக் 'கேட்டது' கட்டத்தில் வைத்திருந்தது.

சரியான கட்டத்தில் வைத்தால் ஒரு நட்சத்திரம் கொடுப்பது வழக்கம். ஜூடி நட்சத்திரம் கொடுத்தாள்.

"ஏ ஜூடி! சோறு அடி புடிக்குது, இன்னா பண்ணிகினு கீற அங்க?" என்று ரோசி கூடத்திலிருந்து கத்தினாள். ஜூடி அடுப்பை அணைத்தாள். கஞ்சியை வடித்தாள். தட்டு எடுத்து வைத்தாள். எல்லாம் செய்தாள். அவன் உயிரோடு இருக்கலாமோ என்று அவளுக்கு ஒரு கணமும் தோன்றவில்லை. கடலோரத்தில் பிறந்தவள், அந்த அளவுக்குப் பைத்தியமில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்கத் தோன்றியது. ஆறு பேரும் தூங்கினார்கள் என்றால், ஒரு நிமிஷங்கூட கஷ்டப்படவில்லை என்பதை யார் பார்த்தது?

போன வருஷம், தடைக்காலம் முடிந்த முதல் ராத்திரி, ஆறு பேர். வேறு எந்தப் போட்டாகவும் இருக்க முடியாது. முள்ளம்பன்றி யார் என்று கண்டுபிடிக்கவும் பெரிய சாமர்த்தியம் தேவைப்படவில்லை. மறுநாள் முதல் பீரியட் முடிந்ததும் கோதண்டத்தின் மகள் மகிழினி தானே வந்து டீச்சர் மேஜைக்குப் பக்கத்தில் நின்றாள். இரட்டைப் பின்னலில் ஒரு பக்க ரிப்பன் அவிழ்ந்திருந்தது. ராத்திரியெல்லாம் அழுத முகம்.

"மிஸ், நேத்து எழுதினத அழிச்சிடட்டுமா?"

"ஏன்?"

"அம்மா திட்டுச்சு. அது மிஸ்ஸோட... அதப் போயி போர்டுல எழுதுவாங்களான்னு." அவள் உதடு கோணியது. "நான் உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன் மிஸ். எங்க வூட்ல எல்லாருக்கும் தெரியுமா, அதான் உங்களுக்கும் தெரியும்னு..."

அந்தப் பிள்ளை பொய் சொல்லவில்லை. ஊருக்கு ஒரு கதை, வீட்டுக்கு ஒரு கதை என்று பெரியவர்கள் பிரித்து வைத்திருப்பது அதற்கு எப்படித் தெரியும்? ஜூடிக்கு அவள்மேல் கோபம் வரவில்லை. கோபம் வந்திருந்தால்கூடத் தேவலை என்று அவளுக்கே தோன்றியது.

"நீ எழுதினது உண்மையா?"

"உண்மை மிஸ்."

"அப்ப அழிக்காத. இருக்கட்டும். ரிப்பன கட்டு."

அன்றைக்குச் சாயங்காலம் ஜூடி வீட்டுக்குப் போகாமல் காசிமேட்டுக்கு நடந்தாள். புருஷன் போனபிறகு அந்தப் பக்கம் அவள் தலைவைத்துப் படுத்ததில்லை. ஏலம் முடிந்து கூட்டம் கலைந்திருந்தது. உடைத்த ஐஸ் தண்ணீராகி ஓடிக்கொண்டிருந்தது. கோதண்டம் போட்டுகள் கட்டியிருக்கும் இடத்தில் தார்பாயை விரித்து வலையின் கிழிசலைத் தைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தார். அவளைப் பார்த்ததும் பதறி எழுந்தார்.

"வாங்க டீச்சர். குந்துங்க. டீ சொல்லட்டா?"

"வாணாம்ண்ணே. ஒண்ணே ஒண்ணு கேக்கணும். உள்ளத சொல்லணும்."

"கேளும்மா."

"அவுரு வுழுந்தத நீங்க பாத்தீங்களா?"

கோதண்டம் ஊசியைக் கீழே வைத்தார். "இன்னாம்மா இது, ஒன்ற வர்சம் கழிச்சு..."

"பாத்தீங்களா, யாராச்சும் சொல்லிக் கேட்டீங்களா, இல்ல நீங்களா நெனச்சிகினீங்களா?"

அவர் முகத்தில் ஒரு மாதிரி சிரிப்பு வந்து போனது. "இந்த மூணு கட்டம்! வூட்ல இதே ரோதனையாப் பூச்சு டீச்சர். கொயம்புல உப்பு கம்மின்னா, எப்டித் தெரியும், நீ துன்னு பாத்தியாங்குது எம் பொண்ணு. போட்ல எவனாச்சும் முழிச்சிகினு இருப்பானான்னு கேட்டுச்சு. இருப்பான்னேன். எப்டித் தெரியும், எப்டித் தெரியும்னு உசுர வாங்கிச்சு. கடுப்புல சொல்ட்டேன். அது எழுதும்னு நான் கண்டனா?" சிரிப்பு போய்விட்டது. தலையைக் குனிந்துகொண்டார். "பாக்கலம்மா. யாருமே பாக்கல."

ஜூடி நின்றுகொண்டேயிருந்தாள். காலுக்குக் கீழே ஐஸ் தண்ணீர் செருப்பை நனைத்துக்கொண்டு போனது.

"அப்ப ஏன் பாத்தோம்னு சொன்னீங்க?"

"ஒனக்காகத்தாம்மா." அவர் குரல் உயர்ந்தது. "மாதா மேல சத்தியமா ஒனக்காகத்தான். வர்ற வழில அஞ்சு பேரும் பேசிகினோம். காணாப்பூட்டான்னு சொன்னா இன்னா ஆவும் தெரியுமா? ஏழு வர்சம். ஏழு வர்சம் கழிச்சுதான் செத்தான்னு எழுதிக் குடுப்பான். எங்கக்காவ நான் பாத்தவன். எங்க மாமன் இப்டித்தான் பூட்டாரு. ஏழு வர்சம் பொட்ட வெக்கிறதா அழிக்கிறதான்னு தெரியாம நின்னா. ஒரு நல்லதுக்குப் போவ முடியாது, கெட்டதுக்குப் போவ முடியாது. கதவு தட்டுற சத்தம் கேட்டா எழுந்து ஓடுவா. அந்தக் கதி இந்தப் பொண்ணுக்கு வாணாம்னு அஞ்சு பேரும் ஒரே வாயா சொல்ட்டோம். அது தப்பாம்மா?"

அது தப்பா என்று நம்மைக் கேட்டால் நாம் என்ன சொல்வோம்? காசிமேட்டில் எத்தனை வீட்டில் இப்படி ஒரு கதை இருக்கிறதோ, யார் கண்டது. கடல் ஆளைக் கொண்டுபோகும், சர்க்கார் சாட்சி கேட்கும், நடுவில் மாட்டிக்கொண்ட பெண்ணுக்குக் கூட்டாளிகள் தங்கள் கண்ணைக் கடன் கொடுப்பார்கள். பார்க்காததைப் பார்த்தோம் என்பார்கள். இதைப் பொய் என்று எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு சொல்வது?

"மண்டைல அடின்னு சொன்னீங்களே?"

கோதண்டம் ஒரேயடியாகச் சொல்லிவிட்டார். "சும்மா வுழுந்தான்னு சொன்னா நீச்சல் தெரிஞ்சவன் எப்டி முழுவுனான்னு கேப்பாங்க. அதுக்குத்தான் அடின்னு வெச்சோம். நான்தான் வெச்சேன்."

"ஒரு நிமிசங்கூட கஸ்டப்படலன்னீங்களே?"

"அதுவும் நான்தாம்மா."

"கடைசியா எப்பப் பாத்தீங்க?"

"இருட்டினப்புறம். ஐஸ் பொட்டி மேல குந்திகினு போன்ல ஒன் போட்டோவ பாத்துகினு இருந்தான். தூங்குடான்னேன். தூங்குறேன்னான். ஸ்டேரிங்க கயிறு போட்டுக் கட்டிட்டு நானும் சித்த சாஞ்சேன். அசதி. கண்ணு அசந்துட்டுது."

அப்போதுதான் ஜூடிக்கு விளங்கியது. ஸ்டேரிங்கைக் கட்டிவிட்டார் என்றால் போட் நின்றுகொண்டிருக்கவில்லை. ஓட்டவேண்டியவர் தூங்க, அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

"நீங்க சொன்னது உங்களுக்கும் நல்லதாப் பூச்சு இல்ல?" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. வருகைப் பதிவு எடுக்கிற குரலில்தான் சொன்னாள்.

கோதண்டம் தலை நிமிரவில்லை. "ஆமாம்மா" என்றார். "அதுவும் இருந்துச்சு. இல்லன்னு சொன்னா அந்த ஆண்டவனே ஒத்துக்க மாட்டான்."

"அவுரு கூப்ட்டிருப்பாரு."

"என்ஜின் சத்தத்துல..." அவர் முடிக்கவில்லை. "வந்த வழியே திரும்பிப் போயி ரெண்டு நாளு சுத்தினோம். எங்க வுழுந்தான்னு தெரிஞ்சாதானே தேடுறது. வெறுந்தண்ணிய பாத்துகினு சுத்தினோம்" என்றார். ஐம்பது வயசு ஆம்பிளை, முண்டாசை அவிழ்த்து முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினார். அவருக்கு அழ வந்தது. ஜூடிக்கு வரவில்லை.

"போலீசுல சொல்லுவியாம்மா?" என்று துணிக்குள்ளிருந்தே கேட்டார்.

"தெரிலண்ணே. பொண்ண திட்டாதீங்க. அது சரியாத்தான் எழுதிச்சு" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள்.

வழியில் ஒரு மீன் லாரி பின்பக்கமாக வந்து இடிக்கப் பார்த்தது. டிரைவர் தலையை நீட்டி, "இன்னாம்மே, வூட்ல சொல்லிகினு வந்தியா?" என்று திட்டினான். அவள் ஒதுங்கி நின்று வழிவிட்டாள். கல்மண்டபத்துப் பக்கம் பூக்காரி கூப்பிட்டாள். இரண்டு முழம் கொடு என்று வாங்கிக்கொண்டாள், எதற்கென்று தெரியவில்லை. சாவியோ தூங்குறேன் என்று சொல்லிவிட்டுத் தூங்காமல் இருந்திருக்கிறான் என்பது மட்டும் நினைவில் இருந்தது. அந்தப் போட்டில் கடைசிவரை முழித்திருந்த ஒருத்தன் அவன்தான்.

தான் வந்து சேர்வதற்கு முன்னால் சேதி வந்து சேர்ந்துவிடும் என்பது அந்தத் தெருவில் பிறந்த யாருக்கும் தெரியும். ரோசி சீரியலை நிறுத்திவிட்டு வாசலிலேயே நின்றாள்.

"கோதண்டத்த பாக்கப் போனியாமே?"

"ஆமாக்கா."

"எதுக்கு? இன்னா கேட்ட?"

ஜூடி செருப்பைக் கழற்றினாள். வழியெல்லாம் அவள் நினைத்துக்கொண்டு வந்தது ஒன்றுதான். ரோசிக்குத் தெரியவேண்டும். பெற்ற தாய்க்குச் சமமானவள், அவளிடம் மறைக்க நான் யார்? பிள்ளைகளிடம் கேள் கேள் என்று சொல்லிவிட்டு வீட்டில் மட்டும் மூடி வைப்பதா? உட்காரவைத்து நிதானமாகச் சொல்லிவிடுவது என்றுதான் உள்ளே வந்தாள்.

"அன்னிக்கு இன்னா ஆச்சுன்னு இன்னொரு வாட்டி கேட்டேன்க்கா."

"அத்த ஏன் இப்பப் போயி கேக்குற?" ரோசி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். கண் அதற்குள் நிறைந்துவிட்டது. "நான் அத்த மட்டும் கேக்கவே மாட்டேன் ஜூடி. அந்த அடி பட்டுதே, அதுக்கு நான் டெய்லி மாதாவுக்கு மெழுகுவத்தி ஏத்துறேன். ஒனக்குத் தெரியாது. சின்னப் புள்ளையிலயே காலைலேர்ந்து பொழுது சாயற வரைக்கும் கடல்ல மெதப்பான். தம் பிடிச்ச ஒடம்பு. அடி மட்டும் படாம வுழுந்திருந்தா அவன் விடியற வரைக்கும்..." சொல்ல முடியாமல் வாயைப் பொத்திக்கொண்டாள். "அக்கான்னுதான் கூப்ட்டிருப்பான். எது ஒண்ணுன்னாலும் அக்கான்னுதான் கூப்புடுவான். அத்த நெனச்சா எனக்குப் பைத்தியம் புடிச்சிடும். நல்லவேள. ஒரு நிமிசத்துல பூட்டான்."

ஜூடி அவளையே பார்த்தாள்.

"சொல்லு. கோதண்டம் இன்னா சொன்னாரு?"

"அதேதான்க்கா" என்றாள் ஜூடி. "மண்டைல அடி பட்டுச்சாம். அஞ்சு பேரும் பாத்தாங்களாம். ஒரு நிமிசங்கூட ஆவலியாம்."

"அவனுக்கு ஒண்ணியும் தெரிஞ்சிருக்காதுல்ல?"

"தெரிஞ்சிருக்காதுக்கா."

சொல்லி முடித்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஐந்து பேர் சொன்னதை ஆறாவதாகத் தானும் சொல்லிவிட்டாள். இனிமேல் ராத்திரியில் மனசு கிளம்பினால் திருப்பி அனுப்ப அவளிடம் ஒரு வார்த்தையும் இல்லை. இருட்டில் போட்டின் விளக்கு தூரம் தூரமாகப் போய்க்கொண்டிருந்தது. அவன் அதைப் பார்த்துக்கொண்டே நீந்தினான். அக்கா என்று கூப்பிட்டிருப்பான். ஜூடி என்றும் கூப்பிட்டிருப்பான். அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம் கிளம்பியது. அது தன் சத்தம் என்பதே அவளுக்கு முதலில் தெரியவில்லை.

ரோசி பாய்ந்து வந்து அவளைக் கட்டிக்கொண்டாள். "அழு. அழுடி என் கண்ணு. இப்பவாச்சும் அழுதியே, அது போதும்" என்று முதுகைத் தடவினாள். எதிர்வீட்டுக்காரி வாசலுக்கு வந்து பார்த்துவிட்டு, அப்பாடா என்று உள்ளே போனாள். ஜூடி ஒன்றரை வருஷத்து அழுகையை அழுதாள். ரோசி அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு, தம்பியைக் கஷ்டப்படுத்தாமல் கூட்டிக்கொண்டதற்காக மாதாவுக்கு வாய்விட்டு நன்றி சொல்லிக்கொண்டிருந்தாள்.